டிசம்பரிலும் ஓடிய ஏசி

3 அக்டோபர் 2003, வெள்ளி

மாமா வந்து இறங்கினார். ஏர்போர்ட்டில் எல்லோரும் தள்ளுவண்டியோடு வெளியே வர, இவர் மட்டும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அறுபத்தேழு வயது. பட்டாளத்தில் பதினெட்டு வருடம், ஹவல்தார் மஹ்மூது. பிறகு அதிராம்பட்டினத்தில் நெல்லும் தென்னையுமாக முப்பது வருடம்.

மாமி போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த ஜூலையில் மாமா தோப்பில் வழுக்கி விழுந்து, மதியம் லுஹர் தொழுகையிலிருந்து மாலை அஸர் தொழுகை வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் மகள், என் மனைவி பத்ருன்னிசாவுக்குத் தூக்கம் இல்லை. அதனால் எனக்கும் இல்லை.

“வாப்பா இனிமே இங்கதான், மச்சான். திருப்பி அனுப்ப மாட்டேன்” என்கிறாள்.

மாமா காரில் ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை: “விசிட் விசா அறுவது நாள்தானே மாப்புள? அறுவத்தோராம் நாள் தோப்புல நிப்பேன்.”

9 அக்டோபர், வியாழன்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். பதினோரு வருடமாக லீவில் போகும்போதெல்லாம் நண்டும் இறாலும் எனக்கு, முள்ளும் குழம்பும் மாமாவுக்கு. இப்போது அவர் வளைகுடாவில், அல் குசைஸில் என் வாடகை ஃபிளாட்டில். சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி தட்டின் முன் உட்காருகிறார். இரண்டாவது கரண்டி என்றால் கையைக் குறுக்கே வைத்துவிடுகிறார்.

சாப்பிட்டதற்கு ட்யூட்டி வேண்டுமாம். கீழே என் மளிகைக் கடைக்கு வந்து டின்களை எல்லாம் உயரவாரியாக நிறுத்திவிட்டார். பால் மாவுக்குப் பக்கத்தில் கரப்பான் மருந்து. பார்ப்பதற்கு அணிவகுப்பு மாதிரி அழகாகத்தான் இருந்தது.

17 அக்டோபர், வெள்ளி

கடையிலிருந்து அவரைக் கிளப்ப வழி கிடைத்தது. கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடக்கிறது. வாட்ச்மேன் குல் ஸமான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், அங்கே புதினா வைத்திருக்கிறார். என் ஸ்டோர் ரூம் ஏசி ஒன்று, அவர் அறை ஏசி ஒன்று, இரண்டிலிருந்தும் சொட்டுகிற தண்ணீர்தான் பாசனம். மாமா மீன் வந்த தெர்மகோல் பெட்டிகளில் மண் நிரப்பிக் கீரை விதைத்துவிட்டார். விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். அறுபது நாளில் போகிற ஆள் எதற்கு விதை கொண்டுவந்தார்?

21 அக்டோபர்

குல் ஸமானும் பட்டாளத்துக்காரராம். அந்தப் பக்கத்துப் பட்டாளம். எழுபத்தொன்று யுத்தத்தில் இரண்டு பேரும் எதிரெதிராக எல்லையில் இருந்திருக்கிறார்கள். இன்று காலையிலிருந்து சலாம் நின்றுபோனது.

24 அக்டோபர், வெள்ளி

கீரைக்கும் புதினாவுக்கும் நடுவே சிமெண்டுக் கல் வரிசை முளைத்திருக்கிறது. எல்லை.

“அவன் கல்லு ஒரு சாண் இங்கிட்டு வந்திருக்கு மாப்புள” என்று மாமா.

“நான் தொழப் போற நேரம் பார்த்து ஹவல்தார் சாப் நகர்த்துறார், பாய்” என்று குல் ஸமான் இந்தியில்.

நான் நடுவர். கடையை யார் பார்ப்பது? ஆனால் ஒன்று, இன்று மதியம் மாமா இரண்டாவது கரண்டியைத் தடுக்கவில்லை. கோபம் வந்தால் மனுஷருக்குப் பசிக்கிறது.

10 நவம்பர்

நோன்பு. பத்ருன்னிசா கல்லுக்கு மேலாகக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து பக்கோடா வந்தது. “கிராண்ட்பா, ஆர் யூ ஃபைட்டிங் ஆர் ஈட்டிங்?” என்று என் மகள் இன்ஷா கேட்டாள்.

“ரெண்டும்தாம்மா.”

28 நவம்பர், வெள்ளி

விசாவை முப்பது நாள் நீட்டியாயிற்று. டிக்கெட் எப்போது என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்: “இந்தக் கல்லு விசயம் முடியட்டும், மாப்புள.”

புரிந்துவிட்டது. தகராறு இருக்கிற வரை மாமா இருப்பார். இருபது வருடமாக வியாபாரம் செய்கிறவன், இது தெரியாதா எனக்கு? இனி சமாதானம் பேசுவதில்லை.

9 டிசம்பர்

குளிர் வந்தது, கட்டடத்தில் ஏசி எல்லாம் நின்றது, சொட்டும் நின்றது. குழாய்த் தண்ணீரைச் செடிக்கு விடக் கட்டட முதலாளி சம்மதிக்க மாட்டார். மாமா வாடின கீரையைப் பார்த்தார். மேலே வந்து பயணப் பெட்டியைத் துடைத்து வைத்தார். பத்ருன்னிசா என்னைப் பார்த்தாள்.

ஸ்டோர் ரூம் ஏசியைப் பதினெட்டில் போட்டேன். சாக்லேட் உருகுகிறது என்று கடையில் சொல்லிவைத்தேன். சொட்டுக் குழாயின் முனையை இழுத்துச் சரியாகக் கல்லின் மேலேயே விட்டேன். இனி அது யார் தண்ணீர் என்று அடித்துக்கொள்ளட்டும்.

“ஏப்ரல் வரைக்கும் ஃபேன் போதும்ங்கிற மனுசன்” என்று பத்ருன்னிசா சிரிக்கிறாள்.

18 டிசம்பர்

ஸ்டோர் ரூமில் தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது. பாட்டில் வாங்க வந்த மலையாளி அம்மா, இது நெய்யா என்று கேட்டார். மாமா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

30 டிசம்பர், செவ்வாய்

விசா முடிய இரண்டு நாள். மாமாவைத் தேடிப் பின்பக்கம் போனேன். கல் வரிசையைக் காணோம். அடுக்கிவைத்த கல்லின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தட்டில் ரொட்டியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் குல் ஸமான் எழுந்து கத்த ஆரம்பித்தார்.

“பைட்டோ கான், மாப்புளைக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார் மாமா.

கஞ்சி கொடுத்த அன்றே சமாதானமாம்.

“அப்பறம் எதுக்கு மாமா தினமும் சண்டை?”

“டிசம்பர் மாசத்துல ஏசி எதுக்கு மாப்புள?”

“சாக்லேட்...” என்று ஆரம்பித்தேன்.

“முப்பது வருசம் தேங்கா வெட்டினவன்கிட்ட எண்ணெய ஒறைய வச்சுட்டு, சாக்லேட்டுங்கிறீங்க.” கீரையைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “பொண்ணு கூப்பிடுறா, பேத்தி கூப்பிடுறா. வீடு உங்களோடது. நீங்க ஒரு வார்த்தை சொல்லாம நான் எப்படி உக்காந்திருக்கிறது? அதான், சண்டைன்னு ஒண்ணு வச்சிக்கிட்டோம்.”

தொண்ணூறு நாள் ஆகப்போகிறது. வாய் திறந்து கூப்பிடாமல் ஏசி போட்டிருக்கிறேன். கெட்டிக்காரன் என்று எனக்கு நானே பெயர் வேறு.

“இங்கயே இருந்துடுங்க, மாமா” என்றேன்.

“தோப்பைக் குத்தகைக்கு விட்டுட்டு வர்றேன்” என்றார், கீரையைப் பார்த்தபடியே.

20 பிப்ரவரி 2004, வெள்ளி

ரெசிடன்ஸ் விசாவில் மாமா வந்து இறங்கினார். இந்தத் தடவை தள்ளுவண்டி, மூன்று பெட்டி. கீரைக்கு ஐம்பது நாளும் தண்ணீர் சுமந்த குல் ஸமான் வாசலிலேயே சல்யூட் அடித்தார்.

ஸ்டோர் ரூம் ஏசியை அணைத்தேன்.

மதியம் நண்டு. “புளி பத்தல, பத்ரு” என்றார் மாமா. யாரும் பரிமாறுவதற்கு முன்னால் கரண்டியை எடுத்து, இரண்டாவது தடவை தானே போட்டுக்கொண்டார்.