தோல் போட்ட வெள்ளிக்கிழமை

7.8.2009, வெள்ளி

இன்று ஜெபக்கூட்டம் நம் வீட்டில். இருந்தவர்கள்: கூட்டம் நடத்தும் அக்சா அக்கா, அவர்களோடு வந்த சபைச் சகோதரிகள் நால்வர், என் வீட்டுக்காரர் (கதவோரம், பேப்பரோடு), நான். மகள் கரோலின் இல்லை, வேலூர் ஆஸ்பத்திரியில் டூட்டி. வழக்கமாகக் காபி டம்ளர் கணக்குக்காகத்தான் வந்தவர்களை எழுதுவேன். இன்று சாட்சிக்காக எழுதுகிறேன்.

மகன் ஜோவின் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தானே ஆறு எல்.இ.டி. லைட்டு, ஹாலில் பழைய குண்டு பல்புகளை எடுத்துவிட்டு அதே சீலிங் ஓட்டைகளில் பதித்தோமே, அதற்குக் கீழே நடக்கும் முதல் கூட்டம். எல்லோரும் பார்த்துப் பார்த்து மெச்சினார்கள். பாட்டு முடிந்ததும் டிம்மரைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு விண்ணப்பமாகப் போய், கடைசியில் அக்சா அக்கா கரோலினுக்கு வந்திருக்கும் திருப்பத்தூர் வரனை எடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிற்று. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். "நத்தானியேல்" என்று பையனின் பெயரைச் சொன்னார்களோ இல்லையோ, ஆறு லைட்டும் துடிதுடித்தன. மூடின கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. ஆமென் சொல்லி முழு வெளிச்சம் வைத்ததும் துடிப்பு நின்றுவிட்டது.

அக்சா அக்கா கிளம்பும்போது காதோடு, "பாத்தீங்க இல்ல?" என்றார்கள். பார்த்தேன். எதைப் பார்த்தேன்?

8.8.2009

காலையில் எலக்ட்ரீசியன் மூர்த்தி வந்தார். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். சுவிட்சைப் போட்டால் ஆறும் அசையாமல் எரிகின்றன. "நல்லாத்தானேம்மா எரியுது? வோல்டேஜ் கம்மியா வந்திருக்கும்" என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். கணக்கில் பழுது பார்த்த வகை என்று எழுதவா, பழுது காணாத வகை என்று எழுதவா? இரண்டும் எழுதாமல் "மூர்த்தி" என்று மட்டும் எழுதினேன்.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவிடம் வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டு லைட்டும் துடித்ததா என்று கேட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார்களாம், ஒன்றுமே ஆகவில்லையாம். அப்படியானால் வோல்டேஜ் இல்லை. நம் வீட்டில் மட்டும். ஜெபத்தில் மட்டும்.

14.8.2009, வெள்ளி

தோல் போட்டேன். ஆண்டவரிடம் அடையாளம் கேட்பதற்கு எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் பெயர். பழைய காலத்தில் ஒருவன் களத்தில் ஆட்டுத்தோலை விரித்து, பனி தோலில் விழுகிறதா தரையில் விழுகிறதா என்று பார்த்தானே, அதிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரருக்கு இந்தப் பேச்சே சிரிப்பு. "ஃபாக்டரில தினமும் லாரி லாரியா தோல் போடறோம். ஒண்ணுகூட எனக்குப் பதில் சொன்னதில்ல" என்பார்.

இந்த வாரம் கூட்டம் இல்லை என்றாலும் அக்சா அக்காவை மட்டும் வரவழைத்தேன். வெளிச்சத்தைக் குறைத்து, பையனின் பெயரைச் சொல்லி ஜெபிப்பது. லைட்டு நிதானமாக எரிந்தால் சம்மதம், துடித்தால் வேண்டாம்.

துடித்தது. போன வாரத்தைவிட ஜாஸ்தி.

15.8.2009

பையனின் அம்மாவுக்குப் போன் செய்தேன். தடை இருக்கிற மாதிரி தெரிகிறது என்றேன்.  அந்த அம்மா, "எங்க பையன் கிட்ட இன்னா கொறைங்க கண்டீங்க?" என்றார்கள்.

"கொறையெல்லாம் இல்லீங்க."

"அப்போ?"

லைட்டு என்று எப்படிச் சொல்வேன்?  குடியாத்தத்தில் இன்னொரு வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். மாதக் கடைசி ஞாயிறு வரை பொறுப்போம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

17.8.2009

திருப்பத்தூருக்குத் தடை என்று சொன்னதைக் கரோலினிடம் போனில் சொன்னேன். "சரிம்மா" என்றாள். நான்தான் போனை வைத்தேன்.

22.8.2009, சனி

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நைட் டூட்டி முடித்துக் கரோலின் முதல் பஸ்ஸில் வந்தாள். தலைவலி. ஹால் சோபாவிலேயே படுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே, "திருப்பத்தூர்ல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். பொறுக்கிறோம் என்றார்கள் என்றேன். கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "லைட்டக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா" என்றாள்.

குறைத்தேன். துடித்தது.

ஜெபம் இல்லை. பெயர் இல்லை. அக்சா அக்கா இல்லை. கூட்டினேன், நின்றது. குறைத்தேன், துடித்தது. பாதிக்கு மேல் இருந்தால் நிதானம், பாதிக்குக் கீழே போனால் துடிப்பு. எத்தனை தடவை திருகினேனோ.

"என்னம்மா பண்ற? கண்ணு வலிக்குது."

ஒன்றும் இல்லை, நீ தூங்கு என்றேன். அடுப்படிக்குப் போய் நின்றேன். இந்த வீட்டில் நான் வெளிச்சத்தைக் குறைப்பது எப்போது? ஜெபத்துக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் முழு வெளிச்சம்தானே. பையனின் பெயர் வரும்போது இன்னும் குறைத்தது யார் கை? ஐயோ, நானேதானா? அன்றைக்கு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் துடித்திருக்குமே!

24.8.2009

மூர்த்தியை மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவை குறைத்தே காட்டினேன். யோசித்தார். ஒரு லைட்டைக் கழற்றி, அந்த ஒயரில் ஹோல்டர் வைத்துப் பழைய குண்டு பல்பை மாட்டினார். எவ்வளவு குறைத்தும் மற்ற ஐந்தும் அசையவில்லை. "இது குண்டு பல்புக்குன்னு போட்ட டிம்மர்மா. புது லைட்டு கரண்டு ரொம்பக் கம்மியா இழுக்குது, டிம்மருக்குத் தீனி பத்தல" என்றார். இதற்கென்றே வேறு டிம்மர் இருக்கிறதாம், சென்னையில் கேட்டுப் பார்க்கிறாராம்.

குறைவாக இழுத்தால் நிம்மதியாக அல்லவா எரிய வேண்டும்? எனக்கு இன்னும் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "குண்டு பல்பு போட்டதும் ஆண்டவர் மனசு மாறிட்டாரா?" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

25.8.2009

அக்சா அக்காவிடம் சொன்னேன். டிம்மர் மூலமாகவும் ஆண்டவர் பேசலாமே என்றார்கள். பேசலாம்தான். அப்படியென்றால் குண்டு பல்பு மூலமாகவும் பேசலாமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். "நீங்க ஜாஸ்தி யோசிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

நான் போதுமான அளவு யோசிக்கவில்லை என்றல்லவா எனக்குத் தோன்றுகிறது.

28.8.2009, வெள்ளி

கூட்டம் அக்சா அக்கா வீட்டில். போகவில்லை. கரோலின் இன்று லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு இப்போதுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். குண்டு பல்பைப் பார்த்து இது ஏன் ஒன்று மட்டும் மஞ்சளாக இருக்கிறது என்றாள். வாய் வரை வந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

ஏழாம் தேதி எழுதினதை எடுத்துப் பார்த்தேன். இருந்தவர்கள் இன்னார் இன்னார், கரோலின் இல்லை. சபையைக் கேட்டேன், மூர்த்தியைக் கேட்டேன், நசீமுன்னிசாவைக்கூடக் கேட்டேன். வரன் வந்த நாளில் அவள் "உங்க இஷ்டம்மா" என்றாள், நானும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தை அன்று பார்த்தேனா? ஞாபகம் இல்லை.

ஆண்டவரே, இனிமேல் தோல் போடமாட்டேன்.

ஒரு சீட்டெழுதி, மடித்து, அவள் டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்து அனுப்பினேன். என்ன எழுதினேன் என்று இங்கேயும் இருக்கட்டும்:

கரோலின், லைட்டு துடித்ததைப் பார்த்துத்தான் திருப்பத்தூருக்கு வேண்டாம் என்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அது டிம்மர் கோளாறு. நேரில் வரும்போது விவரமாகச் சொல்கிறேன், அப்போது திட்டு. உனக்கு நத்தானியேலைப் பிடித்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் சொல்.