காருக்குள் சாப்பிட்ட மின்ஸ் பை

வாசலில் நின்று ஜாக்கெட்டின் முன்பக்கத்தை இரண்டு தரம் தட்டிவிட்டே வீட்டுக்குள் வரும் என் அப்பாவுக்கு,

ஏன் தட்டுகிறீர்கள் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. பனி என்று நினைத்திருப்பார். அது மின்ஸ் பை என்ற வெள்ளைக்காரப் பலகாரத்தின் துகள் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இனி அப்படியில்லை அப்பா, அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. கோபப்படாமல் முழுவதையும் வாசியுங்கள்.

நான் பல்கலைக்கழகம் போன முதல் வருடம் நினைவிருக்கிறதா? மார்கழி மாதம், டவுன்டவுனிலிருந்து வந்து ரொக்ஸ்பரோவில் ரயிலால் இறங்குகிறேன், தரிப்பிடத்தில் எங்கள் கார் நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள் என்று சந்தோஷத்தோடு கதவைத் திறந்தேன். மடியில் அலுமினியத் தாள், அதில் இரண்டு துண்டு. பிடிபட்ட கள்வனின் முழி உங்களுக்கு.

"மாட்டிறைச்சி போட்டது பிள்ளை. மார்கரெட் சுட்டது. அம்மாட்டச் சொல்லிப்போடாத" என்றீர்கள். என் வாயை அடைக்க ஒரு துண்டையும் நீட்டினீர்கள்.

எங்கள் வீட்டில் ஆடு, கோழி, நண்டு எல்லாம் சமைப்போம், வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. ஆனால் மாடு அம்மாவின் படலை தாண்டி வரக்கூடாது. நீங்களோ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிச் சமையலறையில் வேலை. அங்கே தலைமைச் சமையல்காரி மார்கரெட், நத்தார் விடுமுறைக்கு முந்திய கடைசி நாளில், தன் வீட்டுப் பழைய முறைப்படி இறைச்சியும் கொழுப்பும் பழமும் சேர்த்து மின்ஸ் பை சுட்டு எல்லோருக்கும் கொடுப்பார். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அதே ரயிலைப் பிடித்து வந்து உங்களோடு காருக்குள் இருந்து சாப்பிட்டேன். வாய்க்கு ஒரு ஏலக்காய், ஜாக்கெட்டுக்கு இரண்டு தட்டு, பிறகு வீடு. எனக்குக் கலியாணமாகிய பிறகும் அந்த நாளை நான் தவறவிடவில்லை.

போன தையில் நீங்கள் போனீர்கள். எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் 'செலவு' சடங்குக்கு, அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. நண்டுக் கறி, கணவாய், ஆட்டிறைச்சிப் பிரட்டல், அரைப் போத்தல் விஸ்கி. வாழையிலையில் இடமில்லை. அப்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"கொப்பருக்கு வேற என்னடி விருப்பம்? ஒண்டும் விடுபடக்கூடாது. விடுபட்டா அவர் அதுக்கு ஏங்குவார்."

"ஒண்டுமில்லையம்மா" என்றேன்.

உங்கள் இலைக்கு முன்னால் நின்று சொன்ன பொய் அது. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இது மட்டும் செமிக்கவில்லை.

அம்மாவுக்குத் துணையாக இந்த வீட்டுக்கே வந்துவிட்டேன், உங்கள் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஐப்பசியில் பனிக்கால டயர் மாற்றக் கொடுக்கும் முன் உள்ளே துப்புரவு செய்தேன். சாரதி ஆசனத்தின் தையலுக்குள் உங்கள் துகள்கள், கல்லுப்போல காய்ந்து. அங்கேயே குந்தியிருந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து "சா வா, மதாம்?" என்று சுகம் விசாரித்தார். தூசி அலர்ஜி என்றேன்.

அடுத்த நாளே மார்கரெட்டுக்குப் போன் எடுத்தேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் அதே அதிகாரத்தோடு இருக்கிறது. செய்முறையை எழுதவைத்தார். முடிவில் ஒன்று சொன்னார் அப்பா. "உன் அப்பா எப்போதும் இரண்டு துண்டு கேட்பார். இரண்டாவது துண்டு தன் மனைவிக்கு என்பார். அம்மா இப்போதும் விரும்பிச் சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

அப்படியானால் இத்தனை வருடமும் நான் சாப்பிட்டது அம்மாவின் துண்டு. உங்கள் ஆசைக்குச் சொன்ன சாக்குப்போக்கா அது? அல்லது ஒருநாள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, ரயில் தரிப்பிடம் வரைக்கும் வந்து, தைரியம் போய் நின்றீர்களா?

அம்மா கோயிலுக்குப் போன ஒரு ஞாயிறு சமைக்கத் தொடங்கினேன். கொழுப்பு வாங்கப் போன இடத்தில் இறைச்சிக்கடைக்காரர் "குருவிகளுக்கோ?" என்று பிரெஞ்சில் கேட்டார், இங்கே பனிக்காலத்தில் அதைக் குருவிகளுக்குத் தொங்கவிடுகிறார்களாம். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆப்பிள், உலர்ந்த திராட்சை, தோடம்பழத் தோல், கறுவா, கராம்பு, பிரண்டி எல்லாம் தயார். பொடியாகக் கொத்திய இறைச்சியை அவிய வைத்தபோதுதான் கை தன்பாட்டில் போய் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டது. ஒரு கரண்டி நிறைய! இறைச்சி சட்டியில் விழுந்தால் மஞ்சள் விழவேண்டும் என்று பழகிய கை. மார்கரெட் சொன்ன கடும் பழுப்பு நிறம் எங்கே, என் கலவையின் பளபளவென்ற மஞ்சள் எங்கே. வேறு வழியில்லாமல் போத்தலில் அடைத்து, மூன்று கிழமை ஊற, பேஸ்மென்ட் குளிர்சாதனப் பெட்டியில் ஒளித்து வைத்தேன்.

இரண்டாம் கிழமை நான் வேலையால் வர அம்மா சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல்.

"அச்சாறு போட்டனீ எண்டு சொல்லேல்லை? நேற்றும் சாப்பிட்டனான். இனிப்புக் கொஞ்சம் கூட, மற்றும்படி நல்லா வந்திருக்கு."

மஞ்சள் நிறத்தைக் கண்டு ஊறுகாய் என்று நினைத்துவிட்டார். ஓம் அச்சாறுதான் என்று சொல்லிவிட்டுப் போத்தலைக் குப்பையில் போட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா அடுத்த கரண்டியை எடுத்துவிட்டார். கையைப் பிடித்தேன்.

"சாப்பிடாதேங்கோ அம்மா. அது மாடு."

அம்மா எழும்பிப் போய் வாய் கொப்பளித்தார். தலைக்குக் குளித்தார். பிறகு சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், காரை, மார்கரெட்டை, ஏலக்காயை, எட்டாம் நாள் பொய்யை, அந்த இரண்டாவது துண்டை. உங்களைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று ஒரு பக்கம் அழுகை. மறுபக்கம் அம்மாவுக்கு இதைச் செய்துவிட்டேனே என்று.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"எத்தினை வரியம்?"

"எனக்குத் தெரியப் பதினாறு."

"எப்பவும் காருக்கயோ?"

"ஓம்."

"அந்தக் குளிருக்கயோ?"

நான் எதையெல்லாமோ எதிர்பார்த்திருந்தேன் அப்பா. இதை எதிர்பார்க்கவில்லை.

"வீட்டை கொண்டந்திருந்தா விட்டிருக்க மாட்டன்தான்" என்றார் அம்மா. "சத்தம் போட்டிருப்பன். அதுக்காக என்ர மனிசன் தெருவில வச்சுச் சாப்பிட்டிருக்கிறார்." தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "சாப்பிடேக்க அவற்ற முகம் எப்பிடியிருந்தது?"

கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார் என்றேன். முதல் கடிக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசமாட்டார் என்றேன். அம்மா திரும்பவும் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

"ருசி பிழையில்லை" என்றார் எழும்பும்போது. "அதுதான் எனக்கு இன்னும் கோவம்."

நேற்றுத்தான் உங்கள் கல்லூரியின் விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். மாவை அம்மாவே குழைத்தார். மாவுக்குள் கறி வைத்துப் பற்றிஸ் சுடுகிற அதே கை, மயிரிழைபோல மெல்லிசாகத் தேய்த்தது. உள்ளே வைக்கும் கலவையை மட்டும் தொடவில்லை, அடுத்த அறைக்குப் போய்விட்டார். பின்னேரம் வீடு முழுக்கக் கறுவாவும் கொழுப்பும் மணந்தது. யன்னலைத் திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை.

"சாமியறையில வைக்கேலாது" என்றார். "மேசையில வை. அவற்ற கதிரைக்கு முன்னால."

ஒரு துண்டு வெட்டிக் கோப்பையில் வைத்தேன். உள்ளே மஞ்சள் நிறம், மார்கரெட் பார்த்தால் மயங்கி விழுவார். அம்மா கோப்பையைப் பார்த்தார்.

"என்ர பேரைச் சொல்லி வாங்கினதெங்க? அதையும் அவருக்கே வை."

இரண்டாவது துண்டையும் வைத்தேன். அம்மா உங்களுக்கு எதிர்க் கதிரையில் இருந்தார். சீலைத் தலைப்பால் மேசை விளிம்பைத் துடைத்தார். பிறகு, ஒரு வருடமாக நான் இந்த வீட்டில் கேட்காத குரலில், உங்களோடு கதைத்தார்.

"இஞ்சருங்கோ. இனிக் காருக்க இருக்க வேண்டாம். உள்ள வாங்கோ. சூடு ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

நான் குசினிக்குள் போய்விட்டேன் அப்பா. உங்கள் இருவருக்கும் இடையில் நிற்க எனக்கு அங்கே வேலையில்லை.

தையில் உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. அதை ஐயர் வந்து முறைப்படி செய்வார். ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும், கல்லூரி பூட்டும் அந்த நாளில், இந்த மேசையில் உங்களுக்கு இரண்டு துண்டு இருக்கும். மஞ்சளும் போடுவேன், அம்மாவின் கட்டளை. துகளைத் தட்டாமல் வாருங்கள்.

பதினாறு வருடம் அம்மாவின் துண்டைச் சாப்பிட்ட,
உங்கள் மூத்த மகள்
கௌரி