ஆறாவது வரியில் ஒரு மூச்சு

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். யாரைப் பற்றியும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன், என்னைப் பற்றி எழுதும்போதும். (கடைசி மூன்று சொற்களை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. அதையும் எழுதிவிட்டேன்.)

பள்ளி விட்டதும் அம்மா வேலை செய்யும் நடன அரங்கத்துக்கு வந்து, அவள் கிளம்பும்வரை காத்திருப்பது என் வழக்கம். அரங்கத்தில் எந்த நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அம்மாவின் வேலை. இந்த வருடம் ஒரு நவீன பாலேயைப் புதிதாகவே உருவாக்கச் சொல்லியிருக்கிறாள். இசைக்கருவி ஒன்றுகூடக் கிடையாது. கன்னியர் மடத்து சிஸ்டர்கள் ஏழு பேர் நேரில் வந்து, தினமும் மாலையில் பாடும் பிரார்த்தனையைப் பாடுவார்கள். அதற்கு ஆட வேண்டும். அவர்களைச் சம்மதிக்க வைக்க அம்மா நான்கு மாதம் ஒற்றைக்காலில் நின்றாள்.

மடத்துத் தலைவி மதர் கடிதத்தில் சில நிபந்தனைகள் எழுதியிருக்கிறார். பாட்டை யாரும் ஒலிப்பதிவு செய்யக்கூடாது. முடிந்ததும் கைதட்டக்கூடாது, பேசாமல் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தமாட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முக்கிய வேடம் அக்காவுக்கு! ஐந்து வருடமாகப் பின்வரிசையில் ஆடியவள். "இதுல சொதப்பினா ஜென்மத்துக்கும் பின்வரிசைதான்டி" என்றாள்.

மார்ச் 5, புதன்

இன்றுதான் இரு தரப்பும் சேர்ந்த முதல் ஒத்திகை. நடனத்தை அமைப்பவரை நான் இந்த நோட்டில் எட்டு சார் என்று எழுதுவேன். அவர் உலகத்தில் உள்ள எதையும் எட்டு எட்டாகத்தான் எண்ணுவார். சிஸ்டர்களின் வெள்ளை உடை கண்ணை இழுக்கிறது என்று, அவர்களை மேடையின் பின்னால் ஒரு கறுப்புத் திரைக்கு அப்பால் நிறுத்திவிட்டார்.

பாட்டு ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் யாரோ கையைத் தவறாகத் தூக்கினார்கள். "நிறுத்துங்க! முதல்லேர்ந்து!" என்று கைதட்டினார். ஆடுகிறவர்கள் நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை. மறுபடி தட்டினார். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம் எல்லோரும் இடுப்பில் கை வைத்து நின்றோம். முடிந்ததும் திரையை விலக்கி மதர் எட்டிப் பார்த்தார்.

"கடவுள்கிட்ட பேசிட்டிருக்கறப்ப பாதியில போனை வைக்க முடியாது தம்பி."

எட்டு சாருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. தம்பி! அக்கா துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு மணி நேர ஒத்திகையில் நாங்கள் முதல் நிமிடத்தைத் தாண்டவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்றும் அதே. முதல் நிமிடம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

மார்ச் 10, திங்கள்

ஸ்டாப்வாட்ச் கொண்டுபோனேன். ஒரே பாட்டு, மூன்று முறை பாடினார்கள். பத்து நிமிடம் நாற்பது விநாடி. பதினொன்று இருபத்தைந்து. பன்னிரண்டு ஐந்து. எப்படி?

பக்கவாட்டிலிருந்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஏழு பேரில் ஒரு சிஸ்டருக்கு இழுப்பு நோய். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர் மூச்சு வாங்குகிறார். மற்ற ஆறு பேரும் காத்திருக்கிறார்கள். அவர் தோள் மேலே ஏறி, இறங்கி, நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த வரி. யாரும் யாருக்கும் சைகை காட்டுவதில்லை. ஐந்தாவது வரிக்குப் பிறகு ஒரு தடவை நான்கு விநாடி, ஒரு தடவை ஒன்பது.

சரியாக அந்த இடத்தில்தான் அக்கா ஷூ முனையில், ஒற்றைக்காலில், கைகளை விரித்து அசையாமல் நிற்க வேண்டும். ஆறாவது வரி ஆரம்பித்ததும்தான் அடுத்த அடி. நான்கு விநாடி என்றால் நிற்கிறாள். ஒன்பது என்றால் விழுகிறாள். இன்று இரண்டு முறை விழுந்தாள்.

"அந்தம்மா மூச்சு வாங்கற வரைக்கும் நான் கொக்கு மாதிரி நிக்கணுமா?" என்று வீட்டில் கத்தினாள். "உங்கம்மாதான் ஒத்தக்கால்ல நின்னு கூட்டிட்டு வந்தா, இப்ப நான் நிக்கறேன்!"

"எனக்கும் அம்மாதான், உனக்கும் அம்மாதான்" என்றேன். தலையணை பறந்து வந்தது.

மார்ச் 12, புதன்

அந்த ஒரு சிஸ்டரை மட்டும் விட்டுவிடலாமா என்று எட்டு சார் மதரிடம் கேட்டே விட்டார். "ஏழு பேருன்னா பாட்டு. ஆறு பேருன்னா கூட்டம்" என்று சொல்லிவிட்டு மதர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா இருவருக்கும் நடுவில் நின்று, இருவரிடமும் "கொஞ்சம் பொறுங்க" என்றாள். அம்மா இந்த வாரம் பேசியதே அந்த இரண்டு வார்த்தைதான்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

கைபேசியை பென்சில் பெட்டிக்குள் வைத்து, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் பதிவு செய்தேன். அக்கா வீட்டில் பயிற்சி செய்யட்டும் என்றுதான். தினமும் விழுந்து எழுந்து அவள் முழங்கால் கன்றிப் பச்சையாகிவிட்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

— இருந்திருக்கலாம். நிபந்தனையைப் படித்தவள் நான்.

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா கடைக்குப் போனதும் சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளிவிட்டு அந்த இடத்தை மட்டும் இருபது முறை ஆடினாள். பதிவில் அந்த மூச்சுக்கு நான்கே விநாடி. ஒருமுறைகூட விழவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா அதைக் கூட ஆடுகிறவர்களுக்கும் அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு பேரிடம் இருக்கிறது. அம்மாவிடமும் எட்டு சாரிடமும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

எல்லாம் போயிற்று.

ஐந்தாவது வரி முடிந்தது. நான்கே விநாடியில் பன்னிரண்டு பேரும் ஒரே ஆளாக அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். சிஸ்டர் அப்போதுதான் பாதி மூச்சில் இருந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் ஒரு பஸ்ஸில் போனது, பாட்டு இன்னொரு பஸ்ஸில் வந்தது. பாட்டை முடித்துவிட்டு மதர் முன்னால் வந்தார்.

"ஒருத்தர் தப்பு பண்ணினா அது தப்பு. பன்னெண்டு பேரும் ஒரே தப்பை ஒரே இடத்துல பண்றாங்கன்னா, எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டுப் பழகியிருக்காங்க. யாரு எடுத்தது?"

எட்டு சார் தன் கைபேசியைத் தூக்கிக் காட்டி, "சத்தியமா நான் இல்ல" என்றார். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என்னை அவள் சந்தேகப்படவே இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. பென்சில் பெட்டி மடியில்தான் இருந்தது.

மார்ச் 19, புதன்

கடிதம் வந்துவிட்டது. சிஸ்டர்கள் வரமாட்டார்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கிறது.

எட்டு சார் பதிவை எங்கிருந்தோ வாங்கிக் கேட்டுவிட்டார். "இதையே ஒலிபெருக்கியில போட்டுடலாம். சுத்தமா இருக்கு, ஒவ்வொரு நாளும் ஒரே அளவு" என்கிறார். அம்மா முடியாது என்றாள். அப்படியானால் நிகழ்ச்சியே இல்லை என்றார்.

"நீ வாயைத் திறக்காத" என்று அக்கா குளியலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். "அம்மா எப்படியும் இறங்கி வருவா. வேற வழி இல்ல. நீ ஒப்புக்கிட்டு அதை அழிக்கச் சொல்லிட்டாங்கன்னா நான் எங்க போறது?"

பின்வரிசைக்கு. அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சொல்லவில்லை. உண்மையை நோட்டில் மட்டும் எழுதுகிறவளுக்கு என்ன பெயர்? அகராதியில் தேடினேன். கோழை என்பதுதான் கிட்டத்தில் வருகிறது.

மார்ச் 22, சனி

காலையில் அம்மா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். நுரையைத் துப்பினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செருப்பைப் போடு" என்றாள்.

மடத்துப் பின்கட்டில் மதர் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஈரப் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "முறுக்கு" என்றார். முறுக்கிக்கொண்டே சொன்னேன். அழுகையும் வந்தது, மூக்கைத் துடைக்கக் கை இல்லை.

"இப்ப அழி" என்றார். அழித்தேன். மற்ற பன்னிரண்டு பேரையும் எட்டு சாரையும் அழிக்க வைக்கிறேன் என்று அம்மா சொன்னாள்.

படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த இழுப்பு சிஸ்டர் அப்போதுதான் பேசினார். "அது எதுக்கும்மா எடுத்த? பாட்டு அவ்வளவு பிடிச்சிருந்துதா?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். உண்மை அப்படித்தான் வந்தது. "நீங்க மூச்சு வாங்கற வரைக்கும் எங்க அக்கா ஒத்தக்கால்ல நிக்கணும். ரொம்ப நேரமாயிட்டா விழுந்துடறா."

அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"நிக்கறாளா? எனக்காகவா? தொப்புன்னு ஏதோ சத்தம் கேக்கும், பலகை போடறாங்கன்னு நெனச்சேன்." மதரிடம் திரும்பினார். "திரைக்குப் பின்னாடி நிறுத்தி வெச்சா எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தராவது சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சோடு அவர் பக்கத்தில் நின்றவள் நான். நானும் சொல்லவில்லை.

வருவதா வேண்டாமா என்று ஏழு பேரும் உட்கார்ந்து பேசித்தான் சொல்வார்களாம். நான்கு போர்வை முறுக்கின பிறகுதான் விட்டார்கள்.

அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நான்கு மணிக்கு ஏழு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ஒரு விளக்கமும் இல்லை. மதர் நேராக மேடைக்குப் போய்த் திரையைக் கையால் தட்டி, "இது வேண்டாம்" என்றார்.

"என்னோட மேடை அமைப்பு..." என்று எட்டு சார் ஆரம்பித்தார்.

"எடுங்க" என்றாள் அம்மா. இரண்டு வாரத்தில் ஒத்திகையில் அவள் பொறுக்கச் சொல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை. எடுத்துவிட்டார்கள்.

திரை போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி. இழுப்பு சிஸ்டர் அக்காவைப் பார்த்ததும் அவளுக்காக அவசரப்பட்டு மூச்சை இழுத்தார். இருமல் பிடித்துக்கொண்டது. இருபது விநாடி. அக்கா விழுந்தாள். அவர் அழுதார், இவளும் அழுதாள்.

மார்ச் 27, வியாழன்

விழுந்தாள். எட்டு சார் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "உன் நோட்டுல இருக்கா, அந்த சிஸ்டர் அடுத்த வரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு?"

பத்தாம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "தோளா" என்றாள். அவ்வளவுதான். மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 29, சனி

நிகழ்ச்சி முடிந்தது. ஒப்பனை அறையில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பக்கவாட்டில் நின்றுதான் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தது. ஐந்தாவது வரி முடிந்தது. அக்கா காலைத் தூக்கினாள். சிஸ்டரின் தோள் ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. அவர் இன்று அவசரப்படவில்லை. அரங்கம் முழுக்க அவர் மூச்சு இழுக்கும் விசில் சத்தம் கேட்டது. பிறகு தோள் இறங்கியது, நிலைக்கு வந்தது, ஆறாவது வரி ஆரம்பித்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்திருக்கிறது. அழுத்தவே இல்லை.

பாட்டு முடிந்தது. பின்னாலிருந்து யாரோ இரண்டு தடவை தட்டிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். இருட்டாயிற்று. அவ்வளவு பேர் இருட்டில் மெல்ல எழுந்து போகும் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை.



அக்கா இப்போதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"கால் கீழ வந்துச்சாடி?"

உண்மையை எழுதுவதாகச் சொன்னவள் நான். "தெரியலக்கா. நான் சிஸ்டர் தோளைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அடுத்த ஷூவின் நாடாவையும் அவிழ்த்தாள்.

"நானும்தான்" என்றாள்.

எத்தனை விநாடி என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வெளியே பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மதர் யாரையோ விரட்டும் குரல் கேட்கிறது. இப்போது மேடையில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த அறையிலும் அணைத்துவிட்டார்கள்.