வகுப்புச் சுவரில் இரண்டு நட்சத்திரக் கூட்டம்

1957 ஜூன் 3, திங்கள்

விடாத மழை. பள்ளிக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். வாளி வைத்தாயிற்று.

தேயிலைத் தோட்டத் துரை பங்களாவின் சமையல்காரர் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் கொடுத்தார், பிள்ளைகளின் புத்தகங்களுக்கு உறை போட. ஒன்றில் முழுப் பக்க வானத்துப் படம். பெரிய நட்சத்திரக் கூட்டம், நடுவில் கம்பு வைத்தாற்போல் நேரான வெளிச்சம், இரு முனையிலும் சுருண்டு போகிற கை. பக்கத்திலேயே சின்னக் கூட்டம். ஒன்றையொன்று இழுக்கிறதாம். ஒரு கை நீண்டு வளைந்தே போயிருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. வகுப்புச் சுவரில் ஒட்டினேன். நாள் முழுக்க அதையே பார்த்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

மழை. நாத்தனார் ராசம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"என்னங்க அண்ணி, பெருசு சின்னத முழுங்குதா?"

"இழுக்குது."

"மாசமா இருக்க நீங்க இதப் பாக்கலாமா? கிரகணம் பாத்தாலே புள்ளைக்கு ஒதடு பொளந்துரும்."

சிரித்தேன். எலுமிச்சம்பழமும் விளக்கும் வைத்துக் கிரகணப் பாடம் எடுப்பவள் நான். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு இல்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளைக்கு உதடு அப்படித்தான். குடித்த பால் மூக்கில் வரும்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், டெட்டால், வசம்பு.

ஜூன் 8, சனி

வெயில். துணி காய்ந்தது. அவர் நோட்டன் பிரிட்ஜ் மின்நிலைய வேலையிலிருந்து வந்தார். வெட்கத்தோடு பயத்தைச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. பள்ளிக்கு வந்து படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"மறைச்சாத்தானே கிரகணம்? இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது."

கூட வந்த ராசம்மா படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "அதுவும் சரிதான்."

பாதி நிம்மதி. மீதிப் பாதிக்கு என்ன செய்ய. படித்தவளாம் நான்.

ஜூன் 13, வியாழன்

தூறல். படுத்தபடி எழுதுவதால் கையெழுத்து கோணல். நேற்றுக் காலை, அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரம், வலி. மத்தியானம் பிறந்தது. மருத்துவச்சி தூக்கிக் காட்டியதும் விரலால் மேலுதட்டைத் தடவினேன். முழுசு. வாயைத் திறந்து அண்ணத்தையும் பார்த்தேன். அப்பாடா. உடம்பே லேசானது.

வாசலில் ராசம்மா அழுகை. "நாந்தான் அண்ணி, வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம..." அவளும் இத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லையாம். திட்டத் தோன்றவில்லை. இருவரும் சிரித்தோம்.

மருத்துவச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நான் கேட்கிற வழியாய் இல்லை. கடைசியில் அவளே சொன்னாள்:

"பொண்ணு, டீச்சர்."