பத்தரைக்கு முன் பூட்டிய பிரேக்

வுப்பர்டால், ஜேர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மிதுசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம், தம்பிக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்புகிறது. மெல்பேர்ணில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுங்கோ அப்பா" என்றால் நான் இங்கத்தை மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன், போன கிழமையும் அதைத்தான் செய்தேன். அம்மாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார், ஆனால் அவ கேக் வெட்டுகிற அளவு குறையவில்லை. தம்பியின் கலியாணக் கார்ட் அச்சுக்குப் போய்விட்டது. ஓகஸ்டில் வரமாட்டேன் என்று நீ சொன்ன பிறகும் உன் பெயரை எடுக்க அம்மா விடவில்லை. நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபிக்காமல் கடைசி வரை வாசி.

நீ ஆசையாக வாங்கி எங்கள் கராஜில் விட்டுப்போன அந்த எழுபத்தாறாம் ஆண்டு மோட்டார் சைக்கிளுக்கு, நீ அனுப்பிய பின்கால்மிதிகளை நான்தான் பூட்டினேன். தம்பி கஜரூபன் ஸ்பானர் சாவி எடுத்துத் தந்ததோடு சரி. பழைய மிதிகளைக் கழற்றி, காலைப் பின்னுக்கு வைத்துக் குனிந்து ஓடுகிற மாதிரிப் புதியதைப் பூட்ட இரண்டு சனிக்கிழமை போனது. கியர்த்தண்டு திரும்பிப் போனதால் முன்பு கீழே மிதிக்கிற முதலாம் கியர் இப்போது மேலே வந்துவிட்டது, அதைத் தம்பிக்கு நாலு தரம் சொல்லிக் கொடுத்தேன், அவனும் கராஜ் வாசலில் ஓடிப் பழகினான். பிரேக் பக்கம்தான் வேலை. பிரேக் கம்பியைப் புதிய மிதியோடு ஒரு ஆணி சேர்க்கும், அந்த ஆணி கழன்று விழாமல் அதன் நுனித் துளையில் ஒரு சின்னக் கம்பியைப் போட்டு இரண்டு காலையும் வளைத்துவிடவேண்டும். ஸ்பிளிண்ட் என்று இங்கே சொல்வார்கள். அரைவிரல் நீளம்கூட இல்லாத சாமான். அது இல்லாவிட்டால் ஆணி அதிர்ந்து அதிர்ந்து வெளியே வரும், பின்பிரேக் போச்சு.

மாற்றிய மிதிகளைப் பதிய வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்கு டியூஃப் என்கிற வாகனச் சோதனைக்கு டேர்மின், நேரம் குறித்திருந்தோம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்கு முதல் வண்டி கேற் தாண்டவேண்டும் என்று அம்மா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டா. நான் காலையில் மிதியின் உயரம் சரியில்லை என்று ஆணியை மறுபடி கழற்றினேன். எனக்கு யார் சொன்னது! அம்மா பெற்றோல் தாங்கிக்குச் சந்தனம் பூசி, இரண்டு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு நேரம் வாசிக்கிறா. பத்து இருபது என்கிறா, பத்து இருபத்தைந்து என்கிறா. ஆணியைப் போட்டேன். ஸ்பிளிண்டைக் கையில் எடுத்தேன். பத்து இருபத்தேழு என்று கத்தினா. அதைக் கிரீஸ் டப்பாவின் மூடியில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ள எழும்பினேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது, தேசிக்காய் நசிந்தது, தம்பி வெளிக்கிட்டான். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாவிகளை ஒதுக்க உள்ளே வந்து பார்க்கிறேன், மூடியில் ஸ்பிளிண்ட் கிடக்கிறது.

மகள், அந்த நிமிசத்தை எப்படி எழுதுவது. போன் எடுத்தேன், ஓடுகிறவன் எப்படி எடுப்பான். செருப்போடு காரில் ஏறிப் பின்னால் போனேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தானே, ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்கு ஒரு வருசம். முன்பிரேக்கையாவது இறுக்கிப் பிடி, மெல்லப் போ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ரயில் பாலத்துக்கு மேலே உள்ள அந்த வளைவில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. வண்டி வேலியில் சாய்ந்து கிடந்தது. தம்பி தலைக்கவசத்தோடு நடைபாதையில் இருந்தான், இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி. என்னைக் கண்டதும் அவன் கேட்டது, "அக்கான்ர டாங்க் நெளிஞ்சிட்டுதோ?"

இனி எழுதுவதுதான் கஷ்டம். பொலிஸ் கேட்டபோது அவன் வாய் திறக்க முதல் நான் சொன்னேன், கியர் தலைகீழ், பொடியன் குழம்பிவிட்டான் என்று. அவன் என்னைப் பார்த்தான், பிறகு ஓம் என்றான். உனக்கும் அதையேதான் சொன்னேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, கவனமில்லாதவன், என்ர சாமானைத் தொட உனக்கு ஆர் சொன்னது, உன்ர கலியாணத்துக்கும் நான் வரேல்லை என்று கத்தினது எனக்கும் கேட்டது. அவன் "ஓம் அக்கா, என்ர பிழைதான்" என்றான். காறை எலும்பு உடைந்து கிடக்கிறவன். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஒன்பதாம் நாள்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். பயந்து பயந்து குனிந்து பார்த்தேன். பிரேக் மிதியில் ஆணி இருந்தது. ஆணியில் ஸ்பிளிண்டும் இருந்தது! ஒரு விசரன் மாதிரிச் சந்தோசப்பட்டேன். நான் போட்டுத்தான் இருக்கிறேன், மூடியில் கிடந்தது வேறொன்று என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முப்பத்தொரு வருசம் தொழிற்சாலையில் நின்றவன், அதில் ஒன்பது வருசம் கடைசிச் சோதனை மேசையில், என் கைவேலை எனக்குத் தெரியாதா. ஆணியும் புதிது, கம்பியும் புதிது. கம்பியின் கால்களை ஆரோ ஸ்குறூ டிரைவரால் கோணல்மாணலாக நெம்பியிருந்தார்கள், ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால். இரண்டு நாளுக்கு முதல் தம்பி, ஏதோ படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று, வண்டி நின்ற இடத்துக்கு, தான் கட்டப்போகிற ரோஹிணியைக் காரோட்டச் சொல்லிப் போய்வந்தவன்.

நேரே அவனுடைய அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மூடியில் வைத்ததை, பொலிசிடம் முந்திக்கொண்டதை. அவன் டீவியை நிப்பாட்டிவிட்டு, தெரியும் அப்பா என்றான். மிதி சும்மா கீழே போனபோதே தெரியுமாம். பிறகு ஏனடா பேச்சு வாங்கினாய், ஒற்றைக் கையோடு போய் ஏன் ஆணி பூட்டினாய் என்று கேட்டேன். "அக்கா என்னை எத்தினையோ தரம் பேசினவ, எனக்கு அது பழக்கம். அவவுக்கு நீங்கள்தான் பிழை விடாத ஆள். அதைக் கெடுக்காதேங்கோ, அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்றான். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகள். பிழை என்னுடையது. நான் பிழை விடுகிற ஆள், அதை மறைக்கிற ஆளும்கூட. உன் தம்பி அப்படி இல்லை.

முருகன் உனக்குத் துணையிருக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். குளிருக்குக் காதை மூடு. இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே, முதலில் அவனுக்கு எடு.

உன் அன்பு அப்பா,
இராசலிங்கம்