வாசலைச் சொல்லிவிட்டு வாளை ஓங்கு

மாப்ளே,

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது நம் சீட்டுக் குழாய் கிடைத்தது. வெடிக்கு மருந்து அடைக்கிற வெறும் காகிதக் குழாய்தான்; உள்ளே நீ எண் எழுதி மடித்துப் போட்ட சீட்டுகள். குலுக்கிப் பார்த்தேன். அதே சத்தம். கீழே வைக்க மனசே வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். உன் அத்தை மகன் பெங்களூரிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தான். காயும் கட்டமும் இல்லாமல் வாயாலேயே ஆடும் விளையாட்டு. நீ கதை நடத்துவாய். நாங்கள் ஆளுக்கொரு வீரன். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்ல வேண்டும். இருபது முகப் பகடைக்கு நாரணாபுரத்தில் எங்கே போவது? அதனால்தான் இந்தக் குழாய்; குலுக்கி எடுக்கிற சீட்டின் எண்தான் எங்களுக்குப் பகடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் வீட்டு மொட்டைமாடியில் கூடிவிடுவோம்.

என் வீரனிடம் ஆள் உயர வாள் இருந்தது. பெரிய ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கேடயம் கூடாது, ஆனால் அடி பலமாக விழும் என்றது புத்தகம். உனக்கு அது போதவில்லை. நம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கிறவன் அல்லவா? நீயாக ஒரு விதி சேர்த்தாய். ஓங்குவதற்கு முன் வாசல் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும்.

"ஏலே, ராட்சசனோட சண்டைக்குப் போறமா, பாக்டரி இன்ஸ்பெக்சனுக்குப் போறமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"பெருசைக் கையில எடுக்கவனுக்கு வெளிய போற வழி தெரியணும்லே. அம்புட்டுத்தான்."

ஒரு குகைச் சண்டையில் அவசரப்பட்டு, வாசலைச் சொல்லாமல் ஓங்கிவிட்டேன். வாள் பாறையில் பட்டு ஒடிந்தது என்று தீர்ப்புச் சொன்னாய். எனக்கு வந்த கோபம்! இல்லாத வாளுக்காக உன்னோடு பேசாமல் திரிந்தேன். ஆனால் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்த அறைக்குள் போனாலும், உன்னைத் திட்டிக்கொண்டே வாசலைத் தேடுவேன்.

அந்தத் தீபாவளி சீசனில், நான் பாக்கிங் செய்துகொண்டிருந்த அறையின் முன்வாசலில் தீப்பிடித்தது. மற்றவர்கள் தினமும் போய்ப் பழகிய அந்தப் பக்கமே ஓடப் பார்த்தார்கள். பின்வாசலை லோடுக்கு அடுக்கிய பெட்டிகள் பாதி மறைத்திருந்தன. "பின்னால வாங்க! இங்கன வாசல் இருக்கு!" என்று கத்திக்கொண்டே பெட்டிகளைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். அறையில் இருந்த எல்லாரும் பிழைத்தோம்.

உன் அறையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாய். பேச்சை விட்டிருந்ததை இருவருமே மறந்துவிட்டோம்.

"வாசலைப் பாத்து வச்சிருந்தியாலே?"

"ஆமா."

என் தோளைப் பிடித்துத் திருப்பி, எங்காவது தீப்பட்டிருக்கிறதா என்று முன்னும் பின்னும் பார்த்தாய்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன்பே சொன்னாய்: "கொல்லன் ஒன் வாளை ஒட்டிக் குடுத்துட்டான். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ." மொட்டைமாடியில், எல்லார் முன்னாலும், எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மருந்தும் இல்லை, தீயும் இல்லை, நெஞ்சுவலி. உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கால் வைக்க இடமில்லாத கூட்டம். உள்ளே நுழைந்ததும் என் கண் உன் முகத்துக்குப் போகவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தது. பிறகுதான் உன்னைப் பார்த்தேன், அழுதேன்.

இப்போதும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான், மாப்ளே. முதலில் வாசல். அடுத்து நீ.