கண்ணாடித் தோகை

ஜூலை 4

எங்கள் கடை வளைவில் நிற்கிற ரோட்டோரத்து மயிலுக்கு இன்று தோகை முடிந்தது. உடம்பு பழைய தகரம், கால் சைக்கிள் கம்பி, தோகை முழுக்கக் கழற்றிப் போட்ட வாகனங்களின் சைட் கண்ணாடிகள். வெல்டிங் செய்தது என் புருஷன் றினோஸ், அவருடைய கராஜ் குப்பையை வைத்து. கண்ணாடி யோசனை என்னுடையது! தம்புள்ளை பஸ்கூட மெதுவாகப் போய்ப் பார்க்கிறது.

ஜூலை 9

ஸஹாப்தீன் மாமா வந்து, "உசிருள்ளதுட உருவம் நம்மட மார்க்கத்துல கூடாது மகள்" என்றார். மயிலால்தான் என் தேத்தண்ணிக் கடைக்கு இப்போது நாலு பேர் வருகிறார்கள், அதற்குள் ஆளாளுக்குக் குறை.

ஜூலை 12

மரக்கறி லொறிக்காரர் ஒருவர், "காலை வெயில்ல ஒங்க மயிலு கண்ணுல அடிக்குது தங்கச்சி, வளைவே தெரியல" என்றார். குறை சொல்ல இன்னொருத்தர் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டுங்க" என்றேன். கடையே சிரித்தது. றினோஸிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 17

யா அல்லாஹ்.

ஜூலை 18

நேற்று எழுதக் கை வரவில்லை. காலையில் ஓர் ஆட்டோ வளைவில் திரும்பாமல் நேராக வந்து எங்கள் மாமரத்தில் மோதியது. ஓட்டியவர் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து நாகமுத்து. பின்னால் அவர் மனைவி கிருஷ்ணம்மா. அவருக்குக் கீறல்தான். அவளுக்குக் கை முறிந்துவிட்டது — கொழுந்து பறிக்கிற கை.

நெற்றியில் இரத்தத்தோடு அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க தங்கச்சி, தூங்கிட்டேன் போல. விடியுமுன்னே எந்திரிச்சது."

தூங்கவில்லை. எனக்குத் தெரியும். அப்போதே ஏன் சொல்லவில்லை நான்?

ஜூலை 20

றினோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் செத்துப்போனது. பிறகு, "அவரே தூங்கிட்டேன்னு சொல்றாரு. நீ என்னத்துக்குப் பர்ஸானா வாயத் தொறக்கிற?" என்றார். நானும் மூடிக்கொண்டேன்.

ஜூலை 29

ஆட்டோ எங்கள் கராஜுக்கே ரிப்பேருக்கு வந்திருக்கிறது. இவர் கூலி வேண்டாம் என்றாராம். "ஒங்கள மாதிரி மனுசங்க இல்லீங்க" என்று நாகமுத்து அழுதாராம். நல்ல பேர் வேறு எங்களுக்கு, சீ!

கிருஷ்ணம்மா புருஷனோடு பேசுவதில்லையாம். இனி அந்த ஆட்டோவில் ஏறமாட்டாளாம். நாகமுத்து அதை விற்றுவிடப் போகிறாராம், பிழைப்பே அதுதான்.

ஆகஸ்ட் 2

கண்ணாடிகளை நானே கழற்றினேன். இவர் தடுக்கவில்லை. பஸ் பிடித்து எல்கடுவைக்குப் போய், தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, லொறிக்காரர் எச்சரித்ததையும் நான் கேலி செய்ததையும் சொன்னேன்.

கிருஷ்ணம்மா கட்டுப்போட்ட கையோடு புருஷன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு கிழமையா தூங்குமூஞ்சின்னு திட்டிக்கிட்டுக் கெடந்தேனே... ஏன்யா பேசாம இருந்த?"

"எனக்கே அப்பிடித்தான் தோணிருச்சு புள்ள."

என்னிடம் அவள் "நீங்க போங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

செப்டெம்பர் 21

மயில் கோழி மாதிரி நிற்கிறது. படம் எடுக்க யாரும் நிறுத்துவதில்லை.

காலையில் நாகமுத்துவின் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் கிருஷ்ணம்மா. இறங்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. பிளேன்டீயைக் கொண்டுபோய் நீட்டினேன். கட்டுப் பிரித்த கையால் வாங்கிக்கொண்டாள்.